மேடை ஏறினால் கூச்சம் போகுமா?

கேள்வி, ஒரு வாசகர், 18.01.2025

என் மகள் நாலாம் வகுப்பு. பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழா. குரூப் டான்ஸில் மூன்றாவது வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். டிரஸ்ஸுக்கு 1,400 ரூபாய். பணம்கூடப் பரவாயில்லை, தினமும் காலையில் "போகமாட்டேன்" என்று அழுகிறாள். "மேடை ஏறினால்தான் கூச்சம் போகும், விட்டுடாதே" என்கிறார் மாமியார். மேடை ஏறியவர்கள் யாராவது சொல்லுங்கள், நிஜமாகவே போகிறதா?

18.01.2025, இரவு 9.50

போகாது.

நான் ஏறியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில், 1994-இல், கட்டபொம்மன் நாடகம். இப்போது வயது 44, வங்கி வேலை. மாதக் கூட்டத்தில் என் முறை வரும்போது இன்றைக்கும் உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது. எழுதி வைத்திருப்பதையே தப்பாக வாசிக்கிறேன். மேடை கூச்சத்தைப் போக்கும் என்றால் எனக்கு எப்போதோ போயிருக்க வேண்டும்.

அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவ்வளவுதான்.

18.01.2025, இரவு 11.30

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

எங்கள் பள்ளி கோவில்பட்டிப் பக்கம். ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் எய்டட் ஸ்கூல். அந்தப் பக்கம் கட்டபொம்மன் நாடகம் போடாத பள்ளி இருந்ததா என்பதே சந்தேகம். தெற்கே போனால் அவரைத் தூக்கில் போட்ட கயத்தாறு, கிழக்கே எட்டயபுரம், தென்கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி. நாடகத்தில் வரும் ஊரெல்லாம் எங்களுக்கு பஸ் போர்டில் எழுதியிருக்கும் ஊர்.

சிக்கல் எட்டப்பன் வேஷத்தில் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் எட்டயபுரம் பஸ்ஸில் வருகிறவர்கள். ஒருத்தனும் அந்த வேஷத்தைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். ஒரு பையனின் அப்பா நேரிலேயே வந்து, "பாரதியார் பிறந்த ஊர் சார் அது. நீங்க வருஷா வருஷம் எட்டப்பனை மட்டும் மேடையில ஏத்துறீங்க" என்று தமிழய்யாவிடம் சண்டை போட்டார். நியாயமான சண்டைதான். ஆனால் எட்டப்பன் இல்லாமல் நாடகம் எப்படி முடியும்? அந்த வருடம்தான் அப்பாவுக்கு மாற்றலாகி நான் அங்கே சேர்ந்திருந்தேன். எந்த பஸ்ஸிலும் வராத, எந்த ஊர்க்காரனும் இல்லாத ஒரே பையன். தமிழய்யா என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். குனிந்ததையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

நாடகம் முக்கால் மணி நேரம். எனக்கு நாலே வசனம். பட்டப்பெயர் மட்டும் பிளஸ் டூ முடியும்வரை. பரீட்சையில் பேப்பரைக் காட்டினால் "காட்டிக் கொடுக்கிறான்", காட்டாவிட்டால் "எட்டப்பன் புத்தி".

எனக்குப் போனது கூச்சம் இல்லை, பெயர்தான்.

19.01.2025

காலையில் வாசித்துப் பார்த்தால் நேற்று எழுதியது அழுமூஞ்சியாக இருக்கிறது. ஒரு சிரிப்புக் கதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாக டீக்கடையில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை.

கடைசிக் காட்சி, கயத்தாறு. கட்டபொம்மன் கழுத்தில் கயிறு. பள்ளிக்குப் பின்னாலிருந்து வெட்டிய நிஜப் புளியங்கொப்பு பந்தல் மூங்கிலில் கட்டித் தொங்குகிறது. மீசையெல்லாம் ஸ்பிரிட் கம் வைத்து ஒட்டியது. பகலெல்லாம் வேர்த்ததில் பசை விட்டுப்போய், கட்டபொம்மனின் இடது பக்க மீசை மெதுவாக உரிய ஆரம்பித்தது. அவன் சளைக்கவில்லை. ஒரு விரலால் மீசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே வசனம் பேசினான். சாகும்போதும் மீசை முறுக்குகிறார் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. இரண்டு நிமிடம் நிற்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து நேராக வந்து மண்தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

அவனுக்கு மீசை விழுந்தும் கைதட்டல். எனக்கு ஒட்டிய மீசை ஒட்டியபடி இருந்தும் வசவு.

20.01.2025

"உங்கள் நாடகத்தில் கட்டபொம்மனை யார் தூக்கிலிட்டார்கள்?" என்று ஒருவர் குறும்பாகக் கேட்டிருக்கிறார். ஏன் கேட்கிறார் என்று தெரிகிறது. எங்கள் நாடகத்தில் ஜாக்சன் துரைதான் தூக்கிலிட்டார். வரலாற்றில் அப்படி இல்லை.

ஜாக்சன் கலெக்டர். கட்டபொம்மனைக் குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராக அலைய விட்டு, 23 நாள் கழித்து ராமநாதபுரத்தில் பேட்டி கொடுத்தார். அது 1798 செப்டம்பர் 10. அன்றைக்கு அங்கே கைகலப்பு ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஜாக்சனின் பதவி போய் லூஷிங்டன் வந்தார். மறு வருடம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு வந்தவர் மேஜர் பானர்மேன். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாறில் விசாரணை நடத்தித் தூக்கிலிட்டதும் அவர்தான்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கோட்டு. மதுரையிலிருந்து வாடகைக்கு வந்த டிராமா டிரஸ் மூட்டையில் ஒரு வெள்ளைக்காரனுக்கான சாமான்தான் இருந்தது, ஒரு தொப்பி, ஒரு ஜோடி நீள பூட்ஸ். அதனால் ஜாக்சனே லூஷிங்டன், ஜாக்சனே பானர்மேன். தமிழய்யாவுக்கு இது தெரியாமல் இல்லை. "கோட்டு ஒண்ணுதாண்டா இருக்கு, கம்பெனியும் ஒண்ணுதானே" என்றார்.

கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளையை முன்னாலேயே நாகலாபுரத்தில் தூக்கிலிட்டுவிட்டார்கள். எங்கள் நாடகத்தில் அவர் கடைசிக் காட்சிவரை உயிரோடு இருந்து கண்ணீர் விட்டார். தானாபதியாக நடித்தவனின் அப்பா அந்த வருடத்து மைக் செட் உபயம்.

20.01.2025, மாலை

இன்னொன்று விட்டுப்போயிற்று. எனக்கு முக்கியமான ஒன்று. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது எட்டயபுரம் இல்லை. கோட்டை விழுந்தபின் அவர் புதுக்கோட்டைச் சீமைக்குப் போனார், அங்கே அரசர் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். எட்டயபுரம் பாளையக்காரர் கம்பெனி பக்கம் நின்றார், படை அனுப்பினார், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் "எட்டப்பன்" என்பது ஓர் ஆளின் பெயர்கூட இல்லை, அந்த வம்சத்துப் பட்டம். முத்துசாமி தீட்சிதர் கடைசிக் காலத்தில் தங்கியிருந்து 1835-இல் காலமானது அதே ஊரில். சுப்பையாவுக்கு "பாரதி" பட்டம் கிடைத்ததும் அதே அரண்மனைச் சபையில். சண்டை போட வந்த அந்த அப்பா இதையெல்லாம் தமிழய்யாவிடம் மூச்சுவிடாமல் சொன்னார். நான் பக்கத்து ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டும் பிரயோஜனம் இல்லை, தொண்டைமானுக்கு டிரஸ் இல்லை. எல்லாப் பழியும் என் நாலு வசனத்தில் வந்து விழுந்தது.

ஒரு வசனம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "துரை அவர்களே, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்கோட்டைதான். மண் கரையும். காத்திருங்கள்." கடைசிச் சொல்லில் கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்று டிராயிங் சார் சொல்லிக் கொடுத்தார். எனக்கு ஒற்றைக் கண் சிமிட்ட வராது. இரண்டும் சேர்ந்துதான் மூடும்.

22.01.2025

1,400 ரூபாய் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்கிறீர்கள். எங்களிடம் தலைக்கு 15 ரூபாய் வாங்கினார்கள். அதைக் கொடுக்க முடியாத மூன்று பேருக்குக் காவலாளி வேஷம். காவலாளிக்கு டிரஸ் வேண்டாம், வீட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினால் போதும். யாருக்கு எந்த வேஷம் என்பதில் தமிழய்யாவின் நாடக ஞானம் கொஞ்சம், அப்பாவின் பை கொஞ்சம். வேறு கணக்குகளும் உண்டு. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

நீங்கள் கொடுக்கும் 1,400-க்கு அந்த டிரஸ் உங்களுக்கா, வாடகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகையாக இருந்தால் சண்டை போடலாம்.

26.01.2025

கொடியேற்றம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஊமைத்துரைக்கு போன் போட்டேன். பதினைந்து வருடம் ஆகிறது பேசி. (பெயர் எழுதப் போவதில்லை, எங்களுக்குள் இன்றைக்கும் வேஷப் பெயர்தான்.) இந்த இழையால்தான் போட்டேன். எல்லோரும் "நல்ல ஞாபகமாவது மிஞ்சியிருக்குமே" என்று எழுதியிருந்தீர்கள். என் ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதுகிறோமே என்று ஓர் உறுத்தல்.

முதல் அடி: வருடம் 1994 இல்லை, 1995. "தமிழய்யா தஞ்சாவூர் மாநாட்டுக்குப் போய்ட்டு வந்து எழுதுன நாடகம்லே அது" என்றான். சரிதான். எட்டாவது உலகத் தமிழ் மாநாடு, 1995 ஜனவரி. திரும்பி வந்தவருக்கு ஒரு மாதம் கால் தரையில் நிற்கவில்லை. அந்த வேகத்தில்தான் நாடகம். முதல் குறிப்பில் வருடத்தைத் திருத்தப் போவதில்லை, தப்பும் அப்படியே கிடக்கட்டும்.

இரண்டாவது அடி பெரியது.

ஊமைத்துரைக்குத் திக்குவாய். "ப" வந்தால் நின்றுவிடுவான். வாசிக்கச் சொல்லி எழுப்பினால் வகுப்பே நெளியும். கட்டபொம்மனின் தம்பிக்குப் பேச்சு வராது என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பெயரே அதுதான். அந்த வேஷத்தை இவனுக்குக் கொடுத்தது தமிழய்யாவின் பெரிய மனசு என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! ஒரு வசனமும் இல்லாமல் ஒரு வீரன் வேஷம், யாரும் சிரிக்க முடியாது, எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார் மனுஷன் என்று.

இதையே அவனிடமும் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. திக்குகிறான் என்று நினைத்தேன். திக்கவில்லை.

"எனக்கு தானாபதி வேஷந்தான் வேணும்னு கேட்டேன். முழு நாடகமும் எனக்கு மனப்பாடம். நீ சொல்ற பெரிய மனசு அன்னைக்கு ராத்திரி என்னை அழ வச்சுது" என்றான்.

அப்புறம் அவனே சொன்னான். ஏற்ற இறக்கத்தோடு ராகம் போட்டு இழுத்துச் சொன்னால் அவனுக்குத் திக்காதாம். கிசுகிசுவென்று சொன்னாலும் திக்காதாம். இதைச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. நாடகத்தன்று படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டிய பையனைத் தலைமை விருந்தினருக்கு விசிறி பிடிக்க அனுப்பிவிட்டார்கள். வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஊமைத்துரை கிட்டத்தட்ட எல்லாக் காட்சியிலும் அண்ணன் பக்கத்திலேயே நிற்க வேண்டியவன். அவன்தான் தலையைக் குனிந்தபடி, உதடு அசையாமல், எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"ஒரு ஆளு விடாமயா?" என்றேன்.

"உனக்கும்தாம்லே" என்றான்.

எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. நாலு வசனத்துக்கு யார் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

26.01.2025, இரவு

எடுத்துக் கொடுப்பது என்றதும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ஞாபகம் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், எங்கள் மாவட்டத்து ஆள்தான் (நாங்கள் படிக்கும்போது அது சிதம்பரனார் மாவட்டம்). பெரியவர்களை வைத்து நாடகம் நடத்திச் சலித்துப்போய், சின்னப் பையன்களைச் சேர்த்துப் பாய்ஸ் கம்பெனி நடத்தினார். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் பின்னாளில் பெரிய நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். ஒரே ராத்திரியில் ஒரு முழு நாடகத்தை எழுதி முடித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் எமன் வேஷத்தில் வந்ததைப் பார்த்து ஒரு கர்ப்பிணி பயந்து கரு கலைந்துபோனதால் அவர் வேஷம் போடுவதையே விட்டார் என்றும் ஒரு கதை உண்டு. சின்ன வயதில் அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. கெட்டவன் வேஷம் போட்டு மாட்டிக்கொண்ட ஆள் நான் மட்டும் இல்லை.

அந்தக் கம்பெனிப் பையன்கள் வீட்டை விட்டு வந்து, வாத்தியாரிடம் அடி வாங்கி, மாதக் கணக்கில் பாடம் பண்ணியவர்கள். நாங்கள் மூன்று வாரம் பி.டி. பீரியடில் பாடம் பண்ணினோம். ஒப்பிடுவதே தப்பு. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

29.01.2025

மூன்றாவது வரிசை பற்றி என் மனைவிக்கு ஒரு கருத்து இருக்கிறது. அவள் கான்வென்டில் படித்தவள், ஆறு வருடம் தொடர்ந்து குரூப் டான்ஸ், ஆறு வருடமும் கடைசி வரிசை. உயரம். "கடைசி வரிசைதான் சொர்க்கம். தப்பா ஆடினா முன்னாடி நிக்கிறவங்களுக்கும் தெரியாது, கூட்டத்துக்கும் தெரியாது. நாங்க ரெண்டு பேர் பின்னாடி ஆடிக்கிட்டே பேசிக்கிட்டிருப்போம்." என்ன பேசினாய் என்று கேட்டேன். "யாரோட பாவாடை அவிழப்போகுதுன்னு பந்தயம்."

ஆகையால் வரிசைக்காக அழுகிறாளா, வேறு எதற்காகவாவது அழுகிறாளா என்று முதலில் கேளுங்கள். நான் முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டும், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

30.01.2025

கேட்டீர்களாம், பதில் வந்ததாம்: பக்கத்தில் நிற்கும் பெண் கையைப் பிடிக்கும்போது கிள்ளுகிறாள்.

சரி. நாம் பன்னிரண்டு நாளாக ஆளுமை வளர்ச்சி பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

02.02.2025

டீச்சரிடம் சொல்லி இடம் மாற்றியாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மேடைக்குப் போகிறவளுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். இதில் நான் அனுபவஸ்தன்.

அழைப்பிதழில் மாலை 5 மணி என்று இருந்தால் பிள்ளையை 2 மணிக்கே வரச் சொல்வார்கள். தலைமை விருந்தினர் 6.30-க்கு வருவார். வரவேற்புரை, ஆண்டறிக்கை, பொன்னாடை, பரிசளிப்பு எல்லாம் முடிந்து இவர்கள் முறை வர 8 ஆகும். ஆறு மணி நேரம் மூஞ்சியில் மாவோடு உட்கார வேண்டும். எங்களுக்கு முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஒப்பனைக்காரர் அப்பினார். ஒரே துணி, ஒரே கிண்ணம், முப்பது மூஞ்சி. காய்ந்ததும் சிரிக்க முடியாது, தோல் இழுக்கும். ஜாக்சனுக்கு மட்டும் கூடுதலாக ரோஸ் கலர். அவன் பார்க்க வெள்ளைக்காரன் மாதிரி இல்லை, வேனலில் வெந்த மாதிரி இருந்தான்.

ஒன்றுக்குப் போவது பெரிய பிரச்சினை. அலங்காரம் கட்டுவதற்கு முன்னால் போய்விட்டு வரச் சொல்லுங்கள். எங்களில் ஒரு காவலாளி அவசரத்துக்குக் கோட்டைக்குப் பின்னாலேயே ஒதுங்கினான். அட்டைக் கோட்டை, கீழே நனைந்து வளைந்துவிட்டது. "மண் கரையும்" என்று நான் சொன்னதும் கூட்டம் சிரித்ததற்கு அது காரணமாக இருக்கலாம்.

சேஃப்டி பின் பத்தாவது கொடுத்தனுப்புங்கள். கொஞ்சம் இட்லி. தயிர்சாதம் வேண்டாம், டிரஸ்ஸில் கொட்டினால் காயாது. ஸ்டிரா போட்ட தண்ணீர் பாட்டில், உதட்டுச் சாயம் கலையாது.

02.02.2025, சற்றுப் பின்

மைக் பற்றிச் சொல்ல மறந்தேன். டான்ஸுக்குத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் காலத்தில் மேடைக்கு மேலே மூன்று மைக் கயிற்றில் தொங்கும். அதற்கு நேர் கீழே நின்றால்தான் குரல் எடுக்கும். சண்டைக் காட்சியில்கூட ஓடிவந்து மைக்குக்குக் கீழே நின்று வசனத்தைச் சொல்லிவிட்டு, பழைய இடத்துக்கு ஓடிப் போய் வெட்டுவோம். எதிரி அதுவரை பொறுமையாகக் காத்திருப்பான்.

06.02.2025

கட்டபொம்மன் அகப்பட்டான். துபாயில் இருக்கிறான், ஊமைத்துரைதான் நம்பர் கொடுத்தான். மீசைக் கதையைச் சொல்லி, எப்படிடா அந்த நேரத்தில் அப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"எனக்கு வசனம் எதுவும் ஞாபகமில்லப்பா. பரோட்டா ஞாபகமிருக்கு" என்றான். பயத்தில் அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லையாம். முடிந்ததும் டிராயிங் சார் எல்லோரையும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போனார். கட்டபொம்மன் மேக்கப்போடு உட்கார்ந்து ஆறு பரோட்டா தின்றான். கடைக்காரர் அவனிடம் மட்டும் காசு வாங்கவில்லை. அதை நானும் பார்த்தேன். எனக்கு வாங்கினார்.

மீசையா, எந்த மீசை என்று திருப்பிக் கேட்டான். அவனுக்கு மறந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

11.02.2025

இந்தக் குறிப்பை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தானாபதி ஒரு போட்டோ அனுப்பினான். மைக் செட் உபயதாரர் வீடு இல்லையா, போட்டோக்காரர் ஒரு காப்பி கொடுத்திருக்கிறார். கடைசிக் காட்சி. கலர் போட்டோ, ஓரமெல்லாம் ஆரஞ்சுப் பூத்திருக்கிறது. நடுவில் புளியங்கொப்பு. கயிறு கழுத்தில் கிடக்கக் கட்டபொம்மன் நிற்கிறான். இரண்டு பக்கமும் மீசை கன்னாபின்னாவென்று முழுசாக இருக்கிறது. சாகப் போகிறவன் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான், இடது பக்கம் பார்த்து.

இடது பக்கத்தில் நான். எனக்குப் பாதி மீசைதான் இருக்கிறது. மீதிப் பாதி கன்னத்தில் கம்பளிப்பூச்சி மாதிரி தொங்குகிறது. அதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறேன். வாய் திறந்திருக்கிறது. கண் இரண்டும் மூடியிருக்கிறது.

பெரிதாக்கிப் பார்த்தேன். என் மூஞ்சிதான்.

ஊமைத்துரைக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தான். "இதைத்தானே சொன்னேன். உன் மீசை விழவும் கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. உனக்கு நாலாவது வசனம் மறந்துபோச்சு. நான் எடுத்துக் குடுத்தேன், நீ சொன்னே, மறுபடியும் சிரிச்சாங்க. நாடகத்துலயே உனக்குத்தாம்லே அன்னைக்குக் கைதட்டல்."

அப்படியானால் விசில்? எழுந்து நின்ற பெண்கள்? போன மாதம் 19-ஆம் தேதி நான் கண்ணால் பார்த்தது போல எழுதியது? எழுந்து நின்றார்கள்தானாம், சிரித்ததில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. முப்பது வருடமாக என் மீசையை எடுத்து அவனுக்கு ஒட்டியிருக்கிறேன். எட்டப்பனுக்குக் கைதட்டினார்கள் என்பதை வைத்துக்கொள்ள அந்தப் பட்டப்பெயருக்குள் எங்கே இடம் இருந்தது?

போட்டோவில் இன்னொன்றும் இருக்கிறது. எனக்கும் கட்டபொம்மனுக்கும் நடுவே கை கட்டப்பட்டு, தலை குனிந்து நிற்கிறான் ஊமைத்துரை. உதடு கொஞ்சம் பிரிந்திருக்கிறது. எல்லோரும் சிரிக்கிற அந்தப் படத்தில் பேசிக்கொண்டிருப்பவன் அவன் ஒருத்தன்தான்.

12.02.2025

"அப்படியானால் முதல் பதிலை மாற்றிக்கொள்கிறீர்களா, மேடை ஏறினால் கூச்சம் போகுமா?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார்.

நேற்று மாதக் கூட்டம். கை சில்லிட்டது. வராக்கடன் பட்டியலில் ஒரு சைபரை விட்டுவிட்டு வாசித்தேன், யாரோ திருத்தினார்கள். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறதே, அதைப் பற்றி ஏன் பேசவில்லை என்று இன்னொருவர். என் அக்கா மகள் அதில் வட்டார அளவில் வில்லுப்பாட்டுப் பாடினாள். குடம் அடித்த பையன் போட்டிக்கு முதல் நாள் கையில் அடிபட்டு வந்து, ஒற்றைக் கையால் அடித்தான் என்பது அவள் கதை. அவனைக் கேட்டால் என்ன சொல்வானோ. இப்போதெல்லாம் யார் என்ன சொன்னாலும் எதிராளியின் நம்பர் கேட்கத் தோன்றுகிறது.

16.02.2025, இரவு 10.40

ஆடி முடித்துவிட்டாள், அழவில்லை, இறங்கியதும் ஒன்றும் பேசவில்லை, தூங்கிவிழுகிறாள், மேக்கப் போகவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எப்படி இருந்தது என்று இப்போது கேட்க வேண்டாம். நாளைக்குக் காலையில் கேட்டு, அவள் சொல்கிறபடியே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் கிள்ளிய பெண்ணிடமும் கேட்க முடிந்தால் நல்லது.

மேக்கப்புக்கு முதலில் தேங்காய் எண்ணெய். நன்றாகத் தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பழைய துணியால் வழித்தெடுங்கள். அதற்கப்புறம்தான் சோப்பும் தண்ணீரும். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் புருவத்தில் பிடித்துக்கொள்ளும், மறுநாள் பள்ளிக்கு வெள்ளைப் புருவத்தோடு போக வேண்டியிருக்கும். நான் போனேன்.